மலை நாவலைத் தேர்வுக்குப் படிப்பது எப்படி? ‘குறிஞ்சித்தேன்’ படித்த அனுபவம்

எம்.ஏ. தமிழில் எங்களுக்கு ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ பாடமாக இருந்தது. தருமபுரியில் என்னோடு படித்த பலர் அந்தப் புத்தகத்தைக் கையில்கூட எடுக்கவில்லை, கைடே போதும் என்று விட்டுவிட்டார்கள். நான் சித்தேரி மலைக்காரி. அதனால், “உனக்கென்ன, உங்க ஊர்க் கதைதானே, படிக்காமலே எழுதிடுவே” என்று கிண்டல் வேறு.

அது எங்கள் ஊர்க் கதை இல்லை. நாவலின் களம் நீலகிரி, அதில் வருபவர்கள் அந்த மலையில் வாழும் படகர் சமூகத்தவர். எங்கள் மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். இரண்டும் மலை என்பதைத் தாண்டி ஒற்றுமைகளைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அரூர்ப் பக்கமிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். மலையில் வளர்ந்தவர்களுக்கு இந்த நாவலைப் படிப்பது சுலபம். ஆனால் விடைத்தாளில் நம்மையறியாமல் நம் ஊரையே எழுதிவிடும் ஆபத்தும் நமக்குத்தான் அதிகம்.

‘நாவல் காட்டும் வறுமை’ என்று ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் வறுமை என்றால் மழையை நம்பிய காடு, கொஞ்சம் சாமை, கொஞ்சம் ராகி. அது போதாமல் அப்பா அம்மா திருப்பூருக்கோ கேரளாவுக்கோ கூலிக்குப் போக, பிள்ளைகள் பாட்டி வீட்டிலோ உண்டு உறைவிடப் பள்ளியிலோ வளரும். ‘குறிஞ்சித்தேனில்’ வறுமைக்கு வழி வேறு. லிங்கையா, மாதன் இருவரும் அண்ணன் தம்பிகள். இருப்பது ஒரே ஹட்டி (படகர்களின் ஊர்), உழுவது ஒரே மண். லிங்கையா உழைப்பாளி, மாதனோ குடித்துக்கொண்டு பொறுப்பில்லாமல் திரிகிறவன். லிங்கையாவின் மகன் ஜோகிக்கு வீட்டில் சோறும் பாசமும் கிடைக்கின்றன. மாதனின் மகன் ரங்கனுக்குச் சிற்றன்னையின் கையால் இரண்டுமே கிடைப்பதில்லை. அவன் ஒத்தைக்கு, அதாவது ஊட்டிக்கு, ஓடிப்போவதற்கு அந்தப் பசிதான் காரணம். ‘மலைவாழ் மக்கள் வறுமையில் வாடினர்’ என்ற ஒற்றை வரியை எல்லாத் தாளிலும் பார்க்கலாம். அதற்குப் பதிலாக அடுத்தடுத்த இந்த இரண்டு வீடுகளை எழுதுங்கள். நாவலைப் படித்தவர் எழுதிய விடை என்று திருத்துகிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

குறிப்பு எடுக்க எனக்குக் கைகொடுத்தது தொல்காப்பியம். ஒரு நிலத்துக்கு உரியவை என்று அது சொல்லும் கருப்பொருள் பட்டியலை நோட்டில் ஓரமாக எழுதிக்கொண்டேன்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில். படிக்கப் படிக்க எதிரே பக்க எண்ணோடு நிரப்பினேன். பாதி நாவல் தாண்டியதும் ஒன்று தெரிந்தது. தலைப்பில் குறிஞ்சி இருக்கிறதே என்று முருகன், தினைப்புனம், பரண் என்று பழைய பாடத்தை இங்கே கொட்டக் கூடாது. படகர்கள் கும்பிடுவது தங்கள் மூதாய்த் தெய்வமான ஹெத்தையை. மாடு, எருமை, பால் ஆகியவற்றைச் சுற்றித்தான் அவர்களுடைய புனிதமே இருக்கிறது. பால் காக்கும் பொறுப்பை ஏற்கும் ஜோகி அதற்காகவே தன் சிறு வயதைக் கட்டுப்பாட்டில் கழிக்கிறான். மலையான குறிஞ்சி நிலத்தில், மாடு மேய்க்கும் முல்லையின் வாழ்க்கை! ஒரு நிலத்துக்குரியது இன்னொன்றில் கலந்து வரும் திணை மயக்கம் என்று இதை ஒரு பத்தியில் எழுதலாம். கைடில் இருந்ததைவிட இந்தப் பத்தி எனக்குப் பிடித்திருந்தது, மதிப்பெண்ணும் வந்தது.

காலத்தையும் கவனியுங்கள். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. அந்தப் பூப்பை வைத்துத்தான் நாவலில் தலைமுறைகள் நகர்கின்றன. சிறுவர்களாக அறிமுகமாகிறவர்கள் வளர்ந்து முதுமை வரை வந்துவிடுகிறார்கள். அதற்குள் சாமை விளைந்த மண்ணில் உருளைக்கிழங்கும் தேயிலையும் ஏறுகின்றன, பணம் புழங்குகிறது, கடைசியில் மின்திட்டமும் மலைக்குள் நுழைகிறது. நிஜத்தில் குந்தா நீர்மின் திட்டம் கனடாவின் உதவியோடு 1950களில் தொடங்கப்பட்டது. ராஜம் கிருஷ்ணனின் கணவர் மின்துறைப் பொறியாளர். அவருடைய வேலையை ஒட்டி நீலகிரியில் இருந்தபோது அங்குள்ளவர்களைப் பார்த்துப் பழகி எழுதிய நாவல் இது, 1963இல் வெளிவந்தது. ‘ஆசிரியரின் கள அனுபவம்’ என்று கேட்டால் இதை எழுதினாலே போதும், நான்கு பக்க வாழ்க்கை வரலாறு வேண்டாம்.

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் வேறு விளையாட்டு. இரண்டாம் தாளில் 100 கேள்வி, ஒன்றுக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. அதனால் எதையும் விடாமல் குறித்துவிட்டு வாருங்கள். பொருத்துக, கால வரிசை, கூற்று–காரணம் என்றுதான் பெரும்பாலும் வரும். இங்கே கதாபாத்திரத்தின் மனநிலை எல்லாம் உதவாது. ராஜம் கிருஷ்ணனை நாவலுக்கு ஒரு களம் என்று படித்துவிடலாம். ‘அலைவாய்க் கரையில்’ மீனவர்கள், ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளம், ‘சேற்றில் மனிதர்கள்’ தஞ்சை விவசாயக் கூலிகள், ‘கூட்டுக் குஞ்சுகள்’ தீப்பெட்டி வேலைக்குப் போகும் சிறார்கள். சாகித்திய அகாதெமி விருது 1973இல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்கு. விருது ‘குறிஞ்சித்தேனுக்கு’ என்று குறித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு, அங்கே ஜாக்கிரதை.

மலை நாவல்களை ஒப்பிடச் சொன்னால் இன்னும் இரண்டு போதும். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ 2004இல் வந்தது. சத்தியமங்கலம் பக்கத்துச் சோளகர் பழங்குடியினர் நிலத்தையும் காட்டையும் இழப்பதும், வீரப்பன் தேடுதல் வேட்டையில் அவர்கள் பட்ட கொடுமையும் அதில் உண்டு. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தக் காலம் கேள்விப்பட்டதாகவே இருக்கும். மற்றது பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் மொழிபெயர்த்த ‘எரியும் பனிக்காடு’. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் கதை. படகருக்கு நிலம் சொந்தம், சோளகரிடமிருந்து அது பறிபோகிறது, தோட்டத் தொழிலாளிக்கு நிலமே இல்லை. ஒப்பீட்டுக் கட்டுரைக்கு இந்த மூன்று நிலையே சட்டகம் ஆகிவிடும்.

புத்தகம் கிடைக்கவில்லை என்று தங்கச்சிகள் கேட்கிறார்கள். ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, ஃபோனிலேயே இலவசமாகப் படிக்கலாம். எங்கள் மலையில் சிக்னல் நின்று நின்றுதான் வரும், அதனால் கீழே இறங்கும் நாளில் முழுசாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப் புத்தகம்தான் வேண்டுமென்றால் தருமபுரி மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் தேர்வு நெருங்கும்போது போனால் யாராவது எடுத்துப் போயிருப்பார்கள்.