போஜ்ஜோ ஏற்றத்தில் யாரைப் பார்க்க வேண்டும்?

இத்தாலியின் மிலான்–சான்ரெமோ ஒருநாள் சைக்கிள் பந்தயம் பற்றிப் பேச்சு எடுத்தாலே ரசிகர்களிடையே ஒரு வாதம் கிளம்பிவிடும். ‘ஏறக்குறைய 290 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கடைசிக் கால் மணி நேரத்தில் தீர்மானமாகும் பந்தயம். கடைசியில் வரும் அந்தப் போஜ்ஜோ மேடும் ஓர் ஏற்றமா?’ என்பார்கள். அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். நீளம் 3.7 கி.மீ., சராசரிச் சாய்வு 3.7 சதவீதம். உச்சிக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் மட்டும் 8 சதவீதத்தைத் தொடும். ஆல்ப்ஸ் மலையில் இதை யாரும் ஏற்றமாகவே எண்ணமாட்டார்கள். ஆனால் இந்தப் பந்தயத்தின் கடைசிக் கட்டம் இவ்வளவு இழுபறியாக இருப்பதற்குக் காரணமே ஏற்றம் இப்படி எளிதாக இருப்பதுதான்.

முன்னணி வீரர்கள் போஜ்ஜோவை ஏறக்குறைய 6 நிமிடத்தில் ஏறிவிடுகிறார்கள். அதாவது மணிக்கு 37 கி.மீ. வேகம். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் போகிறவர் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கு காற்றைக் கிழிக்கவே போய்விடும். அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்கு 60 வாட் அளவுக்கு மிச்சமாகும். மலையேறும்போதும் காற்று மறைவுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதால்தான் முடிவுக்கோட்டருகே அதிவேகம் எடுக்கும் ஸ்பிரின்ட் வீரர்களும் இங்கே தாக்குப்பிடிக்கிறார்கள்.

அந்த 8 சதவீதப் பகுதியில் கதை மாறுகிறது. வேகம் 28 கி.மீ.க்கு இறங்கினால் காற்றின் பங்கு ஆறில் ஒன்றோ ஏழில் ஒன்றோதான். மீதி கிட்டத்தட்ட முழுவதும் எடையைத் தூக்கும் வேலை. பின்னால் ஒளிந்து வருகிறவருக்கு அங்கே பெரிய சலுகை கிடையாது. பந்தயம் முடியும் எல்லையிலிருந்து 6 கி.மீ. சுமாருக்கு இருக்கும் அந்தச் சில நூறு மீட்டரில் எல்லோரும் பாய்வது இதனால்தான். கீழ்ப்பகுதியிலேயே பாய்ந்தவரைப் பெரும்பாலும் கூட்டம் விழுங்கிவிடுகிறது. விதிவிலக்கு 2018. நிபாலி எல்லைக்குச் சுமார் 7 கி.மீ. முன்பே கிளம்பினார். கூட்டம் வேறு யாரையோ கண்காணித்துக்கொண்டிருந்த நேரம் அது. எல்லைக்கோட்டில் பின்னால் வந்த கூட்டத்துக்கும் அவருக்கும் பதிவேட்டில் ஒரே நேரம்தான். ஆனாலும் வென்றவர் அவர்.

தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் பாய்ச்சலுக்காகக் காத்திருக்கிறார்கள். நான் சொல்வது, அதற்கு முன்பே பாருங்கள். கடலோர அவுரேலியா சாலையிலிருந்து வலப்பக்கம் திரும்பி ஏற்றம் தொடங்கும் இடம் எல்லைக்கு 9 கி.மீ. முன்னால் வருகிறது. அந்தத் திருப்பத்தில் யார் எத்தனையாவது ஆளாக நுழைகிறார் என்று எண்ணுங்கள். வரிசை நீண்டுவிட்டால் ஓர் ஆளுக்கு 2.3 மீட்டர் வைத்தாலும் 30ஆவது ஆள் முதலாமவருக்கு 70 மீட்டர் பின்னால். ஏறும் வேகத்தில் அது 6 முதல் 7 விநாடி. அதோடு முதல் 2 கி.மீ.க்குள் நான்கு கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் போகிறவர் பிரேக்கைத் தொடாமல் வளைந்து போவார். பின்னால் வருகிறவர் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட்டு, மறுபடி எழுந்து நின்று மிதித்து வேகம் எடுக்க வேண்டும். இருவருக்கும் உச்சியை அடையும் நேரம் ஒன்றாகவே இருந்தாலும், பின்னவருடைய தொடையில் அந்த நான்கு முடுக்கல்களும் கடனாக ஏறியிருக்கும். ‘இன்று அவர் காலில் வலு இல்லை’ என்று வீரர்களைக் குறைசொல்கிறவர்கள் பாதி நேரம் இதைக் கவனிப்பதில்லை.

அதனால்தான் அணிகள் தங்கள் துணை வீரர்களைப் போஜ்ஜோவுக்கு முந்தைய சமதளச் சாலையில் செலவழித்துத் தீர்த்துவிடுகின்றன. தலைவரை முதல் எட்டு, பத்து இடங்களுக்குள் திருப்பத்தில் கொண்டுபோய் விட்டால் அவர்கள் வேலை முடிந்தது. இந்த நேரத்தில் பஞ்சர் ஆனாலோ செயின் கழன்றாலோ பந்தயம் கையைவிட்டுப் போனதாகவே வைத்துக்கொள்ளலாம். அணிக் கார் வெகு பின்னால் இருக்கும். பல நாள் பந்தயங்களில் சமதளக் கட்டங்களின் கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்தால் கூட்டத்தோடு வந்ததாக அதே நேரம் தரும் விதி இருக்கிறதே, ஒருநாள் பந்தயத்தில் அதற்குப் பயனே இல்லை. விழுந்தவர் விழுந்தவர்தான்.

போஜ்ஜோவுக்கு முன்னால் வரும் சிப்ரெஸ்ஸா 5.6 கி.மீ., 4.1 சதவீதம். உச்சியிலிருந்து எல்லைக்கு 20 கி.மீ.க்கு மேல் மிச்சம் இருக்கும். அதன் இறக்கத்துக்கும் போஜ்ஜோ அடிவாரத்துக்கும் நடுவில் சுமார் 9 கி.மீ. சமதளம். தனியாகப் போகிறவருக்கு அந்தச் சமதளம்தான் எமன். 1996இல் கொலோம்போ சிப்ரெஸ்ஸா வழியே வென்ற பிறகு, அங்கே பாய்வது வீண் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. 2025இல் பொகாச்சர் அதை உடைத்தார். அவருடைய பாய்ச்சலைக் கடைசிவரை தாங்கியவர்கள் வான் டெர் பூல், கன்னா இருவர் மட்டுமே. மூன்று பேர் முறைபோட்டு முன்னால் ஓட்டினால் சமதளம் எமனாக இருப்பதில்லை. ஆனால் பொகாச்சருக்குத் தேவைப்பட்டது தனிமை. ஸ்பிரின்டில் தன்னைவிட வேகமான இருவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

உச்சியைத் தாண்டினால் எல்லைக்கு 5.5 கி.மீ. அதில் பெரும்பகுதி இறக்கம்: குறுகலான, வளைந்து வளைந்து இறங்கும் சாலை. 2022இல் மொஹோரிச் இருக்கையின் உயரத்தை ஓட்டத்திலேயே தாழ்த்தக்கூடிய தண்டு பொருத்திய சைக்கிளில் வந்தார். மலைச் சைக்கிள்களில் புழங்கும் பாகம் அது. இருக்கை தாழ்ந்தால் உடலின் எடை மையம் தாழும்; வளைவில் சைக்கிளைக் கூடுதலாகச் சாய்க்கலாம். அதே போஜ்ஜோவில் பொகாச்சர் திரும்பத் திரும்பப் பாய்ந்தும் யாரையும் உதற முடியவில்லை. மொஹோரிச் இறக்கத்திலேயே பிரிந்துபோய் வென்றார். ஏற்றத்தைவிட இறக்கத்தில் பந்தயம் பிளக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கீழே வந்தபின் சுமார் 2 கி.மீ. நகர்ச்சாலை. தனியாக மணிக்கு 50 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அது 144 விநாடி. ஒழுங்காக முறைபோட்டு 56இல் துரத்தும் குழுவுக்கு 129. ஆக, அடிவாரத்தில் 15 விநாடி கையில் இருந்தால்தான் தப்பலாம் என்கிறது கணக்கு. ஆனால் பலர் 10 விநாடியோ அதற்கும் குறைவாகவோ வைத்துக்கொண்டு தப்பியிருக்கிறார்கள். காரணம், அந்தக் குழுவில் துணை வீரர் என்று யாரும் மிஞ்சுவதில்லை, எல்லோருமே தலைவர்கள். முன்னால் போய் இழுப்பவர் தன்னையே மற்றவருக்குப் படியாக்குகிறார். யாரும் படியாக விரும்பாத அந்த மூன்று நான்கு விநாடித் தயக்கம்தான் முன்னால் போகிறவருக்குப் பரிசு. 2021இல் ஸ்டாய்வன் இறக்கம் முடிந்த கையோடு, சரியாக அந்தத் தயக்கத்தின் நடுவில் கிளம்பினார். கிராக் ஆண்டர்சன் தாவி வந்து சேர்ந்ததும் அவர் பின்னால் போய் மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசியில் மறுபடி பாய்ந்து வென்றார். 2024இல் இதற்கு நேர்மாறு. வென்ற ஃபிலிப்சன் துரத்தும் குழுவில் இருந்தார். அவருடைய அணித் தோழர் வான் டெர் பூல் கூடவே இருந்து துரத்தினார். ஒரே ஒரு துணை மிஞ்சினாலும் கணக்கு புரண்டுவிடும்.

கடைசித் திருப்பம் எல்லைக்கு 750 மீட்டர் முன்னால். அதன்பின் வியா ரோமா நேர்சாலை. மூவர் மட்டும் வரும்போது வேகம் குறைந்து ஒருவரையொருவர் பார்ப்பார்கள். வேகம் குறையக் குறையக் காற்று மறைவின் மதிப்பும் குறையும். முதலில் கிளம்புகிறவருக்கு இரண்டு சைக்கிள் நீளம் இலவசமாகக் கிடைக்கும். 2025இல் வென்ற வான் டெர் பூல் சுமார் 300 மீட்டர் இருக்கும்போதே கிளம்பியதை அவசரம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய கால்களுக்கு உச்ச வேகத்தைவிட எதிர்பாராத தொடக்கம்தான் பயன்படும். பார்த்துக்கொண்டே அளவுக்கு மீறி மெதுவாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியத்தின் 2022 ஃபிளாண்டர்ஸ் பந்தயம் இருக்கிறது. பொகாச்சரும் வான் டெர் பூலும் அப்படி நின்று நிதானித்தபோது வான் பார்லேயும் மதுவாஸும் பின்னாலிருந்து முழு வேகத்தில் வந்து பிடித்துவிட்டார்கள். அடைபட்டுப்போன பொகாச்சருக்கு நான்காம் இடம்.

எல்லைக்கோட்டில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடைசி இரண்டு மூன்று மீட்டரில் கைகளை நீட்டி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, சைக்கிளை முன்னால் எறிவது போலத் தள்ள வேண்டும். உடல் அதே இடத்தில் இருக்க, முன்சக்கரம் மட்டும் சற்று முன்னேறும். கோட்டைத் தொடுவது முன்சக்கரம்தான்; உடலோ தலையோ அல்ல. 2004இல் ஸாபெல் கோட்டுக்கு முன்பே இரு கைகளையும் உயர்த்தினார். கைப்பிடியில் கை இல்லாவிட்டால் எறிய முடியாது. பக்கத்தில் ஃப்ரெய்ரே எறிந்தார், வெற்றி அவருக்கு.