மருதமடுவுக்குக் கரைவழியால்

யாழ்ப்பாணத்திலிருந்து மடு மாதா கோயிலுக்குப் போக இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஏ-9 வீதியில் வவுனியா வரை இறங்கி மேற்கே திரும்புவது ஒன்று. மற்றது சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி, பூநகரி, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று கடலை ஒட்டியே மன்னாருக்கு வரும் ஏ-32. 2011இல் பாலம் திறந்த பிறகுதான் தீவுப்பகுதியிலும் வலிகாமத்திலும் இருக்கும் எங்களுக்கு அது வசதியான வழியாயிற்று. ஆவணித் திருவிழாவுக்கு எங்கள் பங்கிலிருந்து வான் பிடித்தபோது, போகும்போது கரைவழி, வரும்போது வவுனியா வழி என்று முடிவு செய்தவர் பெரியம்மா. சாரதித் தம்பிக்கு அவ்வளவு விருப்பமில்லை. "அந்தப் பக்கம் நல்ல சாப்பாட்டுக் கடையும் இல்லையே அம்மா" என்றான். "மாதா போன வழி தம்பி, நீ ஓடு" என்றார்.

மாதா போன வழி என்பது வெறும் பேச்சில்லை. 2008 ஏப்ரல் தொடக்கத்தில், மடுவைச் சுற்றி ஷெல் விழத் தொடங்கியபோது, கோயிலைக் கவனித்த குருமார் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வடக்கே தேவன்பிட்டிக்கு வந்தார்கள். அங்கே ஒரு மீனவக் கிராமத்தின் கோயிலில் மடுமாதா சில மாதங்கள் இருந்தாள். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் திரும்பிப் போனாள். அதற்கு முன்பே, கோயிலையும் சுற்றுப்புறத்தையும் ஆயுதம் இல்லாத வலயமாக விட்டுவிடுங்கள் என்று மன்னார் ஆயர் இராயப்பு யோசப் இராணுவத்தையும் புலிகளையும் கேட்டிருந்தார். இரு தரப்பும் கேட்கவில்லை.

இதற்கு முதலும் அவள் இடம்பெயர்ந்தவள்தான். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கரை வேட்டையாடியபோது, 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் இந்தச் சொரூபத்தோடு காட்டுக்குள் ஓடிப்போய் மருதமடுவில் ஒளித்துக்கொண்டன. யாழ்ப்பாணத்தில் இருந்து ஓடியவர்களும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள். அடைக்கலம் தேடி ஓடியவர்கள் உண்டாக்கிய கோயில் அது. மூட்டை கட்டத் தெரிந்த மாதா என்பார் பெரியம்மா. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் நடந்த சனத்தில் அவரும் ஒருவர். அந்தப் பெயர் வைக்க அவருக்கு உரிமை உண்டு.

தேவன்பிட்டியில் வானை நிறுத்திச் செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னோம். வெயில் கொளுத்தியது. பிள்ளைகள் இறங்கவே மறுத்துவிட்டார்கள்.

அங்கிருந்து கொஞ்ச நேரத்தில் இலுப்பைக்கடவை. அதற்குப் பக்கத்தில்தான் படகுத்துறை. 2007 ஜனவரி 2ஆம் திகதி விமானப்படை அங்கே குண்டு போட்டது. கடற்புலிகளின் தளத்தை அடித்தோம் என்றது அரசு. ஆயர் இராயப்பு யோசப் நேரே அங்கு போனார். எரிந்த குடிசைகளையும் சடலங்களையும் பார்த்தார். இறந்தவர்கள் பொதுமக்கள், அதில் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று வெளியே வந்து சொன்னார். அவ்வளவுதான் அவர் செய்தது. இப்போது கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் செய்யக்கூடியது போலத் தோன்றும். அந்த நாட்களில் வன்னிக்குள் பத்திரிகையாளர் போக முடியாது. போய்ப் பார்த்து எழுதினால் உயிர் மிஞ்சாது. ஓர் ஆயர் போனார், பார்த்தார், பார்த்ததைச் சொன்னார் என்பதால்தான் அந்தச் செத்துப்போனவர்கள் 'பயங்கரவாதிகள்' கணக்கில் சேராமல் தப்பினார்கள்.

மன்னார்ப் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் போய், புனித செபஸ்தியார் பேராலயத்தில் இராயப்பு ஆயருடைய கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்தினோம். நெடுந்தீவில் பிறந்து, 1992 முதல் 2016 வரை மன்னாருக்கு ஆயராக இருந்து, 2021 ஏப்ரல் 1ஆம் திகதி, பெரிய வியாழனன்று, இறந்தார். உயிர்ப்புத் திருவிழா முடிந்த மறுநாள் அடக்கம். கல்லறைக்கு முன்னால் எங்களைவிட வேறு ஆட்கள் இருந்தார்கள். வவுனியாவிலிருந்து வந்த ஒரு சைவக் குடும்பம். தாய் கைகூப்பி நின்று, போகும்போது குனிந்து தொட்டுக் கும்பிட்டார். கேட்கவில்லை நாங்கள். கேட்காமலே விளங்கும்.

ஏனென்றால் அந்த எண் இங்கே எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது, ஆயரும் அவருடைய குருமாரும் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர் – இது கச்சேரிக் கணக்கு, அதாவது அரசின் மாவட்டச் செயலகக் கணக்கு. போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர் – இது ஐ.நா. கணக்கு. மிச்சம் 146,679 பேர் எங்கே? இறந்தோர் தொகை என்று இதைப் பலர் எழுதுகிறார்கள். ஆயர் அப்படிச் சொல்லவேயில்லை. அரசின் சொந்தக் கணக்கிலிருந்து ஐ.நா. கணக்கைக் கழித்துப் பார்த்து, இதற்கு விளக்கம் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். கழித்தல் கணக்குக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள், பிறகு அவர் வீட்டுக்கே புலனாய்வாளரை அனுப்பி அவரை விசாரித்தார்கள்.

மன்னாரிலிருந்து முருங்கன் வழியாக மடுவுக்குப் போகும் வீதியில் எங்கள் வானுக்குள் பேச்சுக் குறைந்துவிட்டது. தெற்கே ஒதுங்கினால் வங்காலை. 1985 ஜனவரியில், மக்களுக்காகப் பேசிக்கொண்டிருந்த மேரி பஸ்தியான் சுவாமி அங்கே தன் பங்கிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு மூன்று கிழமைக்கு முன்தான் முருங்கனில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டிருந்தார். அவர் மனைவி சிங்களப் பெண். இப்படியொரு மனிதரையும் கொல்வார்களா என்று அப்போது ஊரே திகைத்துப் போனதாகப் பெரியம்மா சொன்னார். அப்போது அது முதல் ஆண்டுகள். திகைக்கச் சனத்துக்கு இன்னும் தெம்பு இருந்தது.

மடு எப்போதும் போலத்தான். காடு விலகி, மணல் வெளியில் கோயில். மரங்களுக்குக் கீழே கூடாரம், அடுப்புப் புகை, கச்சான் வியாபாரிகள், ஒலிபெருக்கியில் தமிழிலும் சிங்களத்திலும் மாறிமாறி அறிவித்தல். நீர்கொழும்பு, சிலாபத்திலிருந்து வந்த சிங்களச் சனம் எங்களைவிடக் கூட. அவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து நாட்கணக்கில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, முழந்தாளில் நடந்து போகிறார்கள். எங்களுக்குப் பக்கத்துக் கூடாரத்து அம்மா பெரியம்மாவுக்குப் பலாக்காய்க் கறி கொண்டுவந்து கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, பெரியம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் உப்புக் கூடிப்போச்சு என்பதை இருவரும் எப்படியோ பேசிச் சிரித்தார்கள். போகும்போது எல்லோரும் மடு மண் கொஞ்சம் அள்ளிக் கட்டிக்கொள்வார்கள். பாம்புக்கடிக்கு மருந்து என்பது பழைய நம்பிக்கை.

அந்த மண்ணிலேதான் 1990க்குப் பிறகு பல்லாயிரம் அகதிகள் இருந்தார்கள். ஐ.நா. அகதிகள் நிறுவனம் அங்கே ஒரு நிவாரண நிலையத்தை நடத்தியது. கோயிலுக்குள் பூசைக்கு வந்திருந்த ஒரு வயதான அம்மா, அடம்பனைச் சேர்ந்தவர், தூண் ஒன்றைக் காட்டி என்னிடம் சொன்னார்: "பிள்ளை, இந்தா இந்தப் பக்கத்தில பாய் போட்டுப் படுத்தனாங்கள். என்ர கடைசிப் பெடியன் பிறந்தது இந்த வளவுக்குள்ளதான். சுவாமிமார் பால்மா வாங்கித் தருவினம்." ஷெல் விழுந்த நேரம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். "எந்த ஷெல்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவருக்கு அது ஒன்றில்லை, கன ஷெல்.

நான் நினைத்தது 1999 நவம்பர் 20ஐ. கோயிலுக்குள் போனால் தப்பலாம் என்று சனம் ஓடி வந்து நிறைந்திருந்த நேரம் ஷெல் விழுந்து, முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் சிறுபிள்ளைகள். இராணுவம் புலிகளைக் கைகாட்டியது, புலிகள் இராணுவத்தைக் கைகாட்டினார்கள். இரு பக்கமும் ஆயுதத்தோடு கோயிலுக்குக் கிட்ட நின்றார்கள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது, இந்த இடத்தோடு சேர்ந்த துயரங்களையும் மாதா இங்கிருந்து கொண்டுபோகப்பட்ட நாளையும் எந்த இலங்கையரும் மறக்க முடியாது என்ற பொருளில் பேசினார். அன்று கூட்டத்தில் நின்ற பெரியம்மாவுக்குப் பாப்பரசரின் தொப்பி மட்டும்தான் தெரிந்ததாம். பேச்சை வீட்டுக்கு வந்து டிவியில்தான் கேட்டார்.

இரவு, நற்கருணை ஆசீர் முடிந்து, எங்கள் சனம் கூடாரத்துக்கு முன்னால் பாய் விரித்துச் செபமாலை சொன்னது. கடைசியில் மாதா பிரார்த்தனை. அது முடிந்ததும் பெரியம்மா நிறுத்தவில்லை. அவருடைய சொந்தப் பிரார்த்தனை ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளாகச் சொல்கிறார். மேரி பஸ்தியான் சுவாமி, ஜெயராஜசிங்கம் போதகர் என்று தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றோம். மட்டக்களப்பில் பிரஜைகள் குழுவை நடத்தி, 1988இல் பேராலயத்துக்குள்ளேயே சுடப்பட்ட சந்திரா பெர்னாண்டோ சுவாமி. அமெரிக்காவில் பிறந்து, மட்டக்களப்புப் பெடியளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யேசுசபைக் குரு ஹேபர் சுவாமி. 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, அதாவது இந்த ஆவணித் திருவிழா நாளிலேயே, ஸ்கூட்டரில் போனவர் காணாமல் போனார். 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டிக் கோயிலில் ஷெல் விழுந்தபோது வெள்ளைக்கொடியோடு சனத்தைக் கூட்டிக்கொண்டு ஊர்காவற்றுறைக்கு நடந்தவர் ஜிம் பிரவுன் சுவாமி. ஒரு கிழமையில் அவரும் கூட இருந்தவரும் காணாமல் போனார்கள். 2008 ஏப்ரலில் கிளைமோர் குண்டில் கொல்லப்பட்ட கருணாரட்ணம் சுவாமி. முள்ளிவாய்க்கால் கடைசி வரை சனத்தோடு நின்று, 2009 மே 18ஆம் திகதி வெளியே வந்த இடத்தில் நெஞ்சு நின்று இறந்த சரத்ஜீவன் சுவாமி. அந்தப் பதுங்குகுழிகளுக்குள் இருந்து பாப்பரசருக்கு நிலைமையை எழுதி அனுப்பி, அதே மே 18ஆம் திகதி சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏற்றப்பட்ட பிரான்சிஸ் யோசப் சுவாமி. அவர் எங்கே என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

திருச்சபை இவர்களில் ஒருவரையும் புனிதர் என்று அறிவிக்கவில்லை. போதகர் கத்தோலிக்கரே இல்லை. எங்களோடு வந்த இளம் சுவாமி நெளிந்தார்; பொதுப் பிரார்த்தனையில் இப்படிச் சொல்லக்கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் பிரான்சிஸ் யோசப் சுவாமி பெயர் வந்தபோது அவரும்தான் பதில் சொன்னார். அவர் படித்தது யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில். பிரான்சிஸ் யோசப் சுவாமி அங்கே அதிபராக இருந்தவர்.

பிரார்த்தனை முடிந்தும் ஒருவர் விடவில்லை, வலைஞர்மடத்துக்காரர். "பெடியளைப் பிடிச்சதையும் சொல்லுங்கோ அக்கா" என்றார் பெரியம்மாவிடம். 2009இல் வலைஞர்மடம் கோயிலுக்குள் ஒளிந்திருந்த இளம் பெடியள், பெட்டையளைப் புலிகள் உள்ளே புகுந்து இழுத்துக்கொண்டு போனார்கள். தடுத்த குருமாரையும் மதிக்கவில்லை. எங்கள் சனத்தில் சிலருக்கு இதைப் பேசுவது பிடிக்காது. இப்போது எதற்கு என்பார்கள். அந்தச் சுவாமிமார் ஷெல்லையும் சொன்னார்கள், இதையும் சொன்னார்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுவதென்றால் அவர்கள் அங்கே நின்றதற்கே அர்த்தமில்லாமல் போகும் என்பது என் எண்ணம். பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அந்தப் பிள்ளையளுக்காகவும்" என்று ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னார்.

திருவிழாப் பூசை அதிகாலையில். ஆயர்கள் பலர் வந்திருந்தார்கள். சொரூபப் பவனியில் தள்ளுமுள்ளு வழக்கம் போல. எங்கள் பங்குச் சின்னப் பெடியன் ஒருவன் செருப்பைத் தொலைத்தான். மாதா சொரூபம் நினைப்பதைவிடச் சின்னது. தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய அளவு.

திரும்பும்போது பறையனாலங்குளத்தால் வவுனியாவுக்கு வந்தோம். மடுவுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: வவுனியாவில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இருக்கும் கொட்டகைக்கும் போங்கள். 2017 பெப்ரவரி தொடக்கம் அவர்கள் போராடுகிறார்கள். பல தாய்மார் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். நாங்கள் போனபோது நாலைந்து பேர்தான் இருந்தார்கள், சுவரெல்லாம் படங்கள். பெரியம்மா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு அம்மா பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு, "எங்கால வாறியள்?" என்று கேட்டார். மடுவால என்றோம். "அப்ப இராயப்பு ஆயரின்ர கல்லறைக்கும் போயிருப்பியள்" என்றார். போனோம் என்றோம். "அவர் கேட்ட கணக்குக்கு ஆரேன் பதில் சொன்னவையோ?" என்று கேட்டுவிட்டு, எங்களுக்குத் தேத்தண்ணி வாங்கப் பக்கத்துக் கடைக்குப் பெடியனை அனுப்பினார்.