மி.கி.யா, மி.லி.யா? நர்சிங் மாணவர்களும் மருந்துக் கணக்கும்

நர்சிங் படிப்பில் சேரும் பலர், கணக்கோடு இருந்த உறவு பள்ளியோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். உடற்கூறியல் மலைபோல இருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு வந்தவர்களை, மருந்துக் கணக்குத் தேர்வு வழிமறிக்கிறது. மற்ற பாடங்களில் பாதி மதிப்பெண் எடுத்தாலே தேர்ச்சி. இதில் மட்டும் பல இடங்களில் 90 கேட்கிறார்கள், சில இடங்களில் நூற்றுக்கு நூறே கேட்கிறார்கள். அந்தக் கண்டிப்பு நியாயமானது. பத்துக் கணக்கில் ஒன்பது சரி என்றால், பத்தாவது நோயாளிக்குத் தவறான டோஸ் போயிருக்கிறது.

ஆனால் இதற்குத் தேவையான கணிதம் மிகக் கொஞ்சம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பின்னம், தசமம், சதவீதம், நேர்விகிதம், அவ்வளவுதான். இயற்கணிதத்தில் தடுமாறியவர்களும் வார்டில் மருந்துக் கணக்கைப் பிசகில்லாமல் போடுகிறார்கள். விடைத்தாள்களைப் பார்த்தால் பெருக்கல் தப்பியவை குறைவு. மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் குழப்பியவை, ஒரு நாளுக்கான டோஸை ஒரு வேளைக்கு என்று எடுத்தவை, பின்னத்தைத் தலைகீழாக எழுதியவை, இவைதான் அதிகம். வாய்ப்பாட்டை மறுபடி மனப்பாடம் செய்வதில் செலவாகும் நேரத்தை அலகுகளுக்குக் கொடுத்தால் பலன் உடனே தெரியும்.

அலகு ஏணியில் ஒவ்வொரு படியும் 1000. ஒரு கிராம் 1000 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் 1000 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் 1000 மில்லி. தசமப் புள்ளி மூன்று இடம் நகர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பக்கம் என்பதில்தான் கை தடுமாறும். பெரிய நோட்டைச் சில்லறையாக மாற்றுவதுபோல நினைத்துக்கொள்ளலாம்: அலகு சிறிதானால் எண்ணிக்கை கூடும். டிகாக்ஸின் என்ற இதய மருந்து 125 மைக்ரோகிராம் என்று மருத்துவரின் ஆர்டர், கையில் இருப்பது 0.25 மி.கி. மாத்திரை. 0.25 மி.கி. என்பது 250 மைக்ரோகிராம். ஆகவே அரை மாத்திரை. 125ஐ 0.125 என்று மாற்றுவதற்குப் பதில் 1.25 என்று மாற்றியவருக்கு ஐந்து மாத்திரை என்று விடை வரும். ஒரு வேளைக்கு ஐந்து மாத்திரை என்ற விடை வந்தாலே பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து பார்க்க வேண்டும். வழக்கமான டோஸ்கள் பெரும்பாலும் அரை, ஒன்று, இரண்டு மாத்திரைக்குள்ளோ, ஒன்றிரண்டு ஆம்பூலுக்குள்ளோ (ஊசி மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) அடங்கும்படிதான் மருந்துகள் தயாரிக்கப்படுகின்றன.

எழுதும் முறையும் கணக்கின் ஒரு பகுதி. அரை மில்லிகிராமை 0.5 என்று எழுத வேண்டும். முன்னால் பூச்சியம் இல்லாமல் வெறும் புள்ளியோடு எழுதினால் அவசரத்தில் புள்ளி மறைந்து 5 ஆகிவிடும். ஐந்தை 5.0 என்று எழுதவே கூடாது. புள்ளி மங்கினால் அது 50. யூனிட் என்பதற்கு ஆங்கிலத்தின் ‘யு’ எழுத்தை மட்டும் போட்டால் அது பூச்சியம்போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகும். அதனால் யூனிட் என்ற சொல்லை முழுதாகவே எழுத வேண்டும். மைக்ரோகிராமுக்கு ‘மியூ’ குறி போடுவதையும் விட்டுவிடலாம். கையெழுத்தில் அது மில்லிகிராமாகப் படிக்கப்படுகிறது. இவை நான்கையும் முதல் வாரத்திலேயே கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு மாற்றுவது கடினம்.

அடிப்படைச் சூத்திரம் ஒன்றுதான்: வேண்டிய அளவை இருக்கும் அளவால் வகுத்து, அது எத்தனை மில்லியில் இருக்கிறதோ அந்த எண்ணால் பெருக்க வேண்டும். ஜென்டாமைசின் ஆம்பூலில் 2 மில்லியில் 80 மி.கி. இருக்கிறது, ஆர்டர் 60 மி.கி. 60ஐ 80ஆல் வகுத்து 2ஆல் பெருக்கினால் 1.5 மில்லி. பின்னத்தைத் தலைகீழாகப் போட்டால் 2.67 வரும். இதைப் பிடிக்க எளிய வழி, எழுதுவதற்கு முன் மனதில் ஒரு உத்தேசம் வைத்துக்கொள்வது. 60, 80ஐவிடக் குறைவு. ஆகவே விடை ஒரு முழு ஆம்பூலைவிடக் குறைவாக, பாதியைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே ஏதோ ஒன்று. இந்த உத்தேசத்தைக் கணக்குத் தாளின் ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் சூத்திரத்தைத் தொட வேண்டும். கால்குலேட்டர் கொடுத்தாலும் இதை விடக் கூடாது. தவறான எண்ணைத் தட்டினால் அது தவறான விடையைத் துல்லியமாகச் சொல்லும்.

சூத்திரம், குறுக்குப் பெருக்கல், அலகுகளை ஒன்றோடொன்று அடித்துப் போடும் முறை என மூன்று வழிகள் புத்தகங்களில் இருக்கும். மூன்றும் ஒரே விடைக்குத்தான் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது வழி மாற்றுவது குழப்பத்தில்தான் முடியும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், அலகுகளை அடித்துப் போடும் முறையையே சொல்லத் தோன்றுகிறது. எளிய கணக்குக்கு அது நீளமாகத் தெரியும். ஆனால் கிலோ, நிமிடம், மணி எல்லாம் ஒன்றாக வரும் ஐசியு கணக்கில், கடைசியில் மி.லி./மணி மட்டும் மிஞ்சினால் வழி சரி, வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் தவறு என்று தாளே காட்டிக்கொடுக்கும்.

குழந்தைகள் வார்டில் எடையும் மருந்தின் செறிவும் சேர்ந்து வரும். 12 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 180 மி.கி. அது எத்தனை மில்லி என்பது பாட்டிலைப் பொறுத்தது. 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி, 5 மில்லியில் 250 மி.கி. என்றால் 3.6 மில்லி, ஒரு மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.8 மில்லி. மூன்றிலும் மருந்தின் பெயர் ஒன்றே. சிரப்புக்குக் கணக்குப் போட்ட 7.5 மில்லியைச் சொட்டு மருந்துப் பாட்டிலிலிருந்து எடுத்தால் 750 மி.கி. போய்விடும். அதனால் லேபிளில் மி.கி.யைப் படித்ததும் நிறுத்தாமல், எத்தனை மில்லியில் என்பதையும் சேர்த்தே வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

இன்னொரு பொறி, ‘ஒரு நாளுக்கு’ என்ற சொல். கிலோவுக்கு ஒரு நாளுக்கு 50 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து என்று ஆர்டர் வந்தால், 14 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 700, வேளைக்கு 350 மி.கி. 5 மில்லியில் 250 மி.கி. உள்ள மருந்தில் அது 7 மில்லி. பிரிக்க மறந்தவர் இரு மடங்கு கொடுப்பார். எடை பவுண்டில் குறிக்கப்பட்டிருந்தால் 2.2ஆல் வகுத்துக் கிலோவாக்கிய பிறகே மற்றதெல்லாம். இடையில் எங்கும் முழு எண்ணாக்கக் கூடாது. கடைசி விடையில் மட்டும் செய்ய வேண்டும்.

பொடியாக வரும் ஊசி மருந்தில் ஒரு நுட்பம் உண்டு. பொடியும் இடம் பிடிக்கும். 4.8 மில்லி நீர் சேர்த்தால் மொத்தம் 5 மில்லி ஆகும் என்று லேபிள் சொன்னால், கணக்கில் வர வேண்டியது 5, சேர்த்த 4.8 இல்லை. முழு வயாலும் (மருந்துக் குப்பி) ஒரே நோயாளிக்கு என்றால் இது பிரச்சினை ஆகாது. பச்சிளங்குழந்தைக்கு அதிலிருந்து கொஞ்சம் மட்டும் எடுக்கும்போதுதான் வித்தியாசம் பெரிதாகும்.

சதவீதத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: 1 சதவீதம் என்றால் 100 மில்லியில் 1 கிராம், அதாவது மில்லிக்கு 10 மி.கி. 2 சதவீத லிக்னோகெயின் மில்லிக்கு 20 மி.கி. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை. 0.9 சதவீத சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. அட்ரினலினில் 1:1000 என்றால் 1000 மில்லியில் 1 கிராம், அதாவது மில்லிக்கு 1 மி.கி.; 1:10,000 என்றால் மில்லிக்கு 0.1 மி.கி. பூச்சியம் அதிகமாக இருப்பதுதான் வீரியம் குறைந்தது என்பது அவசரத்தில் மூளைக்கு ஏறாது. அவசர மருந்து டிராலி பக்கம் போகும் முன்பே இரண்டையும் மி.கி.யாக மாற்றி மனதில் பதித்திருக்க வேண்டும்.

இன்சுலினில் கணக்கே போட வேண்டியதில்லை, சிரிஞ்ச் சரியாக இருந்தால். மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட் என இரண்டு செறிவுகள் புழக்கத்தில் உள்ள இடங்களில்தான் ஆபத்து. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடியும் 100க்கானதற்கு ஆரஞ்சு மூடியும் வழக்கம். 100 யூனிட் இன்சுலினை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் கைக்கு வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். நோயாளி சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடக்கூடும். மாற்றி, 40 இன்சுலினை 100 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 0.2 மில்லி, வெறும் 8 யூனிட். 2.5ஆல் பெருக்கியோ வகுத்தோ சமாளிக்கலாம் என்று சிலர் சொல்லிக்கொடுப்பதுண்டு. அதை ஏற்க முடியாது. சரியான சிரிஞ்ச் கிடைக்கும் வரை ஊசி போடாமல் இருப்பதே சரி.

டிரிப் கணக்கில், மொத்த மில்லியைச் செட்டின் (பாட்டிலிலிருந்து நோயாளிக்குப் போகும் குழாய்) சொட்டு எண்ணால், அதாவது ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பதால் பெருக்கி நிமிடங்களால் வகுக்க வேண்டும். சாதாரண செட்டுகள் மில்லிக்கு 10, 15 அல்லது 20 சொட்டு. மைக்ரோ செட் 60. எது என்பது செட்டின் உறையில் அச்சிட்டிருக்கும், உறையைக் குப்பையில் போடும் முன் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் 8 மணி நேரத்தில் போக வேண்டும் என்றால் மணிக்கு 125 மில்லி. 20 சொட்டு செட்டில் அதை 3ஆல் வகுத்தால் போதும்: 41.7, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. 15 செட் என்றால் 4ஆல், 10 செட் என்றால் 6ஆல் வகுக்கலாம். மைக்ரோ செட்டில் வகுக்கவே வேண்டாம். மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. 60ஐச் சொட்டு எண்ணால் வகுத்தால் கிடைப்பதுதான் இந்த 3, 4, 6, 1. காரணம் தெரிந்தால் மறக்காது.

சொட்டை எண்ணிச் சரிசெய்துவிட்டுப் போனாலும் அது அப்படியே நிற்காது. நோயாளி கையை மடக்கினால், கட்டிலை உயர்த்தினால், பாட்டில் காலியாகக் காலியாக வேகம் மாறும். பாட்டிலில் ஒரு டேப்பை ஒட்டி ஒவ்வொரு மணிக்கும் எந்தக் கோட்டில் இருக்க வேண்டும் என்று நேரம் எழுதிவைத்தால், தூரத்திலிருந்து பார்த்தே பிந்துகிறதா முந்துகிறதா என்று தெரிந்துவிடும்.

மருந்தைச் சீரான வேகத்தில் செலுத்தும் சிரிஞ்ச் பம்பில், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் டோபமின் மருந்தின் கணக்குதான் மாணவர்களை மிரட்டுவது. 200 மி.கி. மருந்தை மொத்தம் 50 மில்லியாக டைல்யூட் செய்தால் மில்லிக்கு 4 மி.கி., அதாவது 4000 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்குக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்றால் நிமிடத்துக்கு 300, மணிக்கு 18,000. அதை 4000ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மில்லி. இங்கே விட்டுப்போவது பெரும்பாலும் 60ஆல் பெருக்குவது. பிறகு பின்னோக்கிப் போய்ச் சரிபார்க்க வேண்டும்: 4.5ஐ 4000ஆல் பெருக்கி, 60 நிமிடத்தால் வகுத்து, 60 கிலோவால் வகுத்தால் 5 திரும்பி வர வேண்டும். அரை நிமிட வேலை.

குழந்தைகளுக்கு ஒரு நாளில் ஏற்ற வேண்டிய திரவத்தின் கணக்கை ஹாலிடே, சீகர் என்ற இரு மருத்துவர்கள் 1957ல் எளிமையாக்கித் தந்தார்கள்: முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10க்கு 50, அதற்கு மேல் 20. 22 கிலோ குழந்தைக்கு 1000, 500, 40 சேர்ந்து நாளுக்கு 1540 மில்லி, மணிக்கு ஏறத்தாழ 64. முழு எடையையும் 20ஆல் பெருக்கிவிடுவது இதில் வழக்கமான பிழை. தீக்காயத்துக்கான பார்க்லேண்ட் சூத்திரத்தில் பிழை நேரத்தில் வரும். கிலோவுக்கு, உடல் பரப்பில் காயம் பட்ட ஒவ்வொரு சதவீதத்துக்கும் 4 மில்லி என்பது சூத்திரம். 60 கிலோ, 30 சதவீதக் காயம் என்றால் 4 × 60 × 30, அதாவது 7200 மில்லி. அதில் பாதி முதல் 8 மணி நேரத்தில் போக வேண்டும். அந்த 8 மணி, காயம் பட்ட நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. நோயாளி இரண்டு மணி நேரம் கழித்து வந்திருந்தால், இதுவரை திரவம் எதுவும் போகாத நிலையில், 3600 மில்லி மீதமுள்ள 6 மணிக்குள், மணிக்கு 600 வீதம் தொடங்கும். பிறகு சிறுநீர் அளவைப் பார்த்து மாற்றுவார்கள்.

பயிற்சிக்குப் புத்தகக் கணக்கைவிடக் காலி ஆம்பூலும் பழைய லேபிளும் நல்லவை. தினம் ஐந்து போதும், ஆனால் தினமும் வேண்டும். தவறிய கணக்குகளைத் தனி நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணத்தை ஒரே சொல்லில் குறிக்க வேண்டும்: அலகு, தலைகீழ், நேரம், வேளை, அவசரம். இரண்டு வாரத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்த ஒன்றைச் சரிசெய்தாலே மதிப்பெண் ஏறிவிடும்.

வார்டில் இரண்டாவது ஆளிடம் சரிபார்க்கச் சொல்லும்போது, “சிஸ்டர், 4.5 வருது, சரிதானே?” என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டல்தான் கிடைக்கும். விடையைக் காதில் போட்ட பிறகு மனம் அதையே தேடும். ஆர்டரையும் ஆம்பூலையும் எடையையும் மட்டும் நீட்டி, உங்கள் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நீங்க ஒரு தடவை போட்டுப் பாருங்க சிஸ்டர்” என்று கேளுங்கள். அவர் முடித்த பிறகு தாளைத் திருப்புங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் பம்பை ஆன் செய்யலாம்.