தாய்மாமன் தேய்த்த கிரெடிட் கார்டு

2022ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்பு ஆன்லைன் தள்ளுபடி விற்பனை நடந்துகொண்டிருந்தபோது, அக்கா மகன் அழைத்து, "மாமா, உங்க பேங்க் கார்டுக்கு 10 சதவீதம் தள்ளுபடி இருக்காம். கல்யாணத்துக்கு வேண்டிய ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் அதுலயே எடுத்துடலாமா?" என்று கேட்டான். தாய்மாமன் மறுக்கக்கூடிய கேள்வி அல்ல அது. 1,80,000 ரூபாய்க்குப் பொருள்கள் வந்து இறங்கின. அதே ஆண்டில், சித்தப்பா மகன் குடும்பத்தோடு சிங்கப்பூர் சென்றுவர 2,10,000 ரூபாய்க்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். புதிதாகக் கடை திறந்த பழைய நண்பர் ஒருவருக்காகக் கணினிகளும் குளிர்சாதனப் பெட்டிகளுமாக 5 லட்சம் ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்தேன். ரிவார்டு புள்ளிகள் குவிந்தன, ஆண்டுக் கட்டணமும் தள்ளுபடியானது. ஒருவருக்கும் நட்டமில்லாத உதவி என்று உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் சொந்தச் செலவு 2,70,000 ரூபாயையும் சேர்த்து, 2022-23 நிதியாண்டில் அந்தக் கார்டுக்குக் கட்டப்பட்ட பில் தொகை 11,60,000 ரூபாய். அப்போது என் ஆண்டுச் சம்பளம் 8,40,000 ரூபாய்.

ஒரு நிதியாண்டில் ஒருவருடைய கார்டு பில்களுக்காக ரொக்கமாக 1 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ, வேறு வழிகளில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கட்டப்பட்டால், கார்டு வழங்கிய வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 285பிஏ பிரிவும் 114இ விதியும் சொல்வது. இது ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியான வரம்பு அல்ல. அந்த வங்கியில் நம் பெயரில் உள்ள எல்லாக் கார்டுகளுக்கும் சேர்த்த கூட்டுத்தொகை. பொருளை அனுபவித்தவர் யார் என்ற விவரம் அந்த அறிக்கையில் இருக்காது. நம் பான் எண்ணுக்கு எதிரே தொகை மட்டும் நிற்கும், வரித் துறையின் இணையதளத்தில் ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அதை நாமே பார்த்துக்கொள்ளலாம். நான் பார்க்கவில்லை. அடுத்த டிசம்பரில், சம்பளத்தைவிடச் செலவு அதிகமாக இருப்பதற்கு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்த பிறகுதான் பார்த்தேன். (இங்கே குறிப்பிடும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சேர்ந்தவை; 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடப்புக்கு வந்து எண்கள் மாறிவிட்டன.)

செலவுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று திருப்தியாக விளக்க முடியாவிட்டால், 69சி பிரிவின்படி அந்தச் செலவையே வருமானமாகக் கருத முடியும். பணமதிப்பிழப்பை ஒட்டி 2016இல் உயர்த்தப்பட்ட விகிதப்படி அதற்கு 60 சதவீத வரி, அந்த வரியின் மேல் 25 சதவீதக் கூடுதல் வரி, அதற்கும் மேல் 4 சதவீதத் தீர்வை, ஆக 78 சதவீதம் கட்ட வேண்டியிருந்தது. அக்கா மகனுடைய 1,80,000 ரூபாயை மட்டும் விளக்க முடியாமல் போனாலே 1,40,400 ரூபாய், அபராதம் தனி. ஃப்ரிட்ஜில் கிடைத்த தள்ளுபடியை நினைத்தால் சிரிப்பு வந்தது.

நண்பரின் 5 லட்சத்தில் சிக்கல் இருக்கவில்லை. ஒவ்வொரு பில்லுக்கும் முன்னதாகவே அவர் தம் வங்கிக் கணக்கிலிருந்து என் கணக்குக்குப் பணம் அனுப்பியிருந்தார், கடைப் பில்களும் அவர் பெயரிலேயே இருந்தன. சித்தப்பா மகனோ, எனக்கு வேலை வைக்கக் கூடாது என்று கார்டு பில்லையே தன் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டிவிட்டிருந்தான். அப்படிக் கட்டினாலும் அது என் கார்டுக்குக் கட்டிய தொகையாகத்தான் கணக்கில் ஏறும். ஆனால் என் பாஸ்புக்கில் அதன் சுவடே இருக்காது. அவனுடைய வங்கி அறிக்கையை வாங்கித்தான் காட்ட முடிந்தது. வெளிநாட்டுப் பயணத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு: தனக்காகவோ வேறு யாருக்காகவோ அதற்கென ஓர் ஆண்டில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்தவர், வரி வரம்புக்குக் கீழே வருமானம் இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். ஓய்வூதியம் வாங்கும் அப்பாவின் கார்டில் பிள்ளைகள் டிக்கெட் எடுக்கும் வீடுகளில் இதை யாரும் யோசிப்பதில்லை.

திரும்பி வந்த பணம் அன்பளிப்பு அல்ல, கொடுத்தது திரும்பி வந்ததுதான் என்பதையும் நாம்தான் காட்ட வேண்டும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் வரும் அன்பளிப்புப் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி உண்டு. இந்த இடத்தில் சட்டத்தின் உறவுமுறை நம் உறவுமுறையோடு ஒத்துப்போவதில்லை. மனைவியின் தம்பி உறவினர். நான் தம்பி என்றே அழைத்து வளர்ந்த சித்தப்பா மகன் உறவினர் அல்லன். மாமன் அக்கா மகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை, ஏனென்றால் பெறுபவனுக்கு அவர் தாயின் சகோதரர். அதே மருமகன் மாமனுக்குக் கொடுத்தால் அந்தப் பட்டியலில் அவனுக்கு இடமே இல்லை. சீர் செய்வது ஒருவழிப் பாதை என்று தெரிந்த யாரோதான் இந்தப் பிரிவை எழுதியிருக்க வேண்டும்.

என் மருமகன் திருமணம் முடிந்த வாரமே 1,80,000 ரூபாயை மஞ்சள் பையில் போட்டு ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போனான், நானும் அப்படியே வங்கியில் போட்டேன். ஆடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இதைக் கடன் என்று சொன்னால், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடனைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்கிற 269டி பிரிவில், அபராதத்துக்கு அவன் ஆளாகலாம். நியாயமான காரணம் காட்டித் தப்பிக்க இடம் உண்டென்றாலும் புது மாப்பிள்ளையை அந்த வம்பில் இழுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. மொத்தமும் 2 லட்சத்தைத் தொட்டிருந்தால் வாங்கிய எனக்கே 269எஸ்டி பிரிவில் அதே அளவு அபராதம் என்றார். பிறகு, "அவனுக்கு அவ்வளவு ரொக்கம் ஏது?" என்று கேட்டார்.

மொய்ப் பணம். திருமணத்தை ஒட்டி மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வரி கிடையாது என்பதால் அதுவே ஒழுங்கான பதிலாகவும் அமைந்தது. அக்கா பீரோவிலிருந்து மொய் நோட்டை எடுத்துத் தந்தாள். அதன் நகல், பொருள்கள் இறங்கிய முகவரியோடு கூடிய பில்கள், நான் வாங்கிக் கொடுத்ததை உறுதிப்படுத்தி மருமகன் கையெழுத்திட்ட கடிதம் எல்லாவற்றையும் இணைத்துப் பதில் அனுப்பினோம், விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அனுப்புவதற்கு முன் ஆடிட்டர் நோட்டை ஒருமுறை புரட்டினார். முதல் பக்கத்தின் முதல் வரியில், தாய்மாமன் என்று என் பெயரும் 25,001 ரூபாயும் இருந்தன. பேனாவை அங்கேயே நிறுத்தி, "இது எந்தக் கணக்கிலிருந்து எடுத்தது?" என்று கேட்டார்.