நிறம் சேர்த்த வரியின் அகலம்

டெர்மினலில் நிறம் சேர்த்ததும் அட்டவணை கோணுகிறதா? அகலம் எண்ணும் ஃபங்ஷனைப் பாருங்கள். சிவப்புக்கான எஸ்கேப் வரிசை, அதாவது நிறத்தை மாற்றச் சொல்லும் மறைவான பைட்கள், 27 என்ற பைட்டில் தொடங்கி 109-இல் முடியும்: 5 பைட், திரையில் 0 கட்டம் (ஓர் எழுத்துக்கான இடம்). 109-இல் முடிவதை மட்டும் நீக்கும் ரெஜெக்ஸை (தேடல் வடிவத்தை) நம்பவே வேண்டாம். இவ்வகை எஸ்கேப் வரிசைக்கு சிஎஸ்ஐ என்று பெயர்; அதன் கடைசி பைட் 64 முதல் 126 வரை எதுவாகவும் இருக்கலாம்.

பழைய மேன் பக்கங்களில் (யூனிக்ஸ் கட்டளைகளின் கையேட்டில்) தொல்லை வேறு. தடித்த எழுத்து என்றால் எழுத்து, பேக்ஸ்பேஸ் (8), மீண்டும் அதே எழுத்து. மூன்றும் சேர்ந்து 1 கட்டம். தட்டச்சுப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்று அடிப்பதைப் போலத்தான். இதில் 8-ஐ மட்டும் நீக்கினால் ஒவ்வொரு எழுத்தும் இரட்டிக்கும். அதற்கு முந்தைய எழுத்தையும் சேர்த்தே நீக்க வேண்டும்.

வரியை மடிக்கும் இடத்தில் நிறத்தை மூடி, அடுத்த வரியில் திரும்பத் திறங்கள். இல்லையேல் அட்டவணையின் பக்கத்து நெடுவரிசையும் சிவக்கும்.