எடுத்த இடம்

ஹிஸ்டரி சார் போய்விட்டார் என்று நம் செட் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது பெர்லினில் மாலை ஆறு மணி. ஆளாளுக்கு அவருடைய பிரம்பைப் பற்றி எழுதினீர்கள். எனக்கு நினைவு வந்தது ஒரு கல்.

பத்தாம் வகுப்பு தனுஷ்கோடிப் பயணம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் நடை, வேர்த்துப் போன புளிச்சோறு, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரில் ஒரு பவளக்கல் துண்டைப் பெயர்த்து டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டேன். உள்ளங்கை அளவு, தேன்கூடு போலத் துளைகள். பை தொங்கியதே காட்டிக்கொடுத்துவிட்டது.

சார் அடிக்கவில்லை. "எடுத்த இடத்துல வை" என்றார்.

சுவர் முழுக்கப் பொந்து. ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தேன், எதிலும் உட்காரவில்லை. பின்னால் நாற்பது பேர், பெண்கள் வரிசை முன்னால். கடைசியில் சுவரடி மணலில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து வந்தேன். (இன்றைக்கும் உங்களில் சிலருக்கு நான் 'கல்லு'தான்.)

இங்கே நான் வேலைக்குப் போகும் வழியில் ஓர் அரண்மனை. பிரஷ்ய மன்னர்களும் ஜெர்மன் பேரரசர்களும் இருந்தது. 1945 குண்டுவீச்சில் எரிந்தது. மிச்சத்தை 1950இல் கிழக்கு ஜெர்மனி அரசு வெடிவைத்துத் தகர்த்தது. அதே இடத்தில் 1976இல் அந்த அரசின் குடியரசு மாளிகை எழுந்தது. நாடு ஒன்றான பிறகு அதையும் 2008க்குள் பிரித்துவிட்டார்கள். அந்த இரும்பில் கொஞ்சம் துபாய்க்குப் போனதாகச் சொல்கிறார்கள், நம் செட்டில் பாதிப் பேர் போன ஊருக்கு! இப்போது பழைய அரண்மனையே மறுபடி நிற்கிறது: மூன்று பக்கம் பழைய முகம், நான்காவது பக்கம் புதுசு, உள்ளே கான்கிரீட். அழகுதான். ஆனால் பல்செட் சிரிப்பு.

கடைசியாக ஊருக்கு வந்தபோது சாரிடம் போனில் படம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பழைய கல்லு எவ்வளவுடா?"

"கொஞ்சம்தான் சார்."

"அவங்களுக்கும் எடுத்த இடம் தெரியலையாக்கும்."

முப்பத்தைந்து வருஷமாக அவர் மறக்கவில்லை! தனுஷ்கோடிக்கு இப்போது தார் ரோடு வந்துவிட்டதே, காரிலேயே கூட்டிப்போகிறேன் என்றேன். "எப்ப வர்றே?" என்றார்.

"அடுத்த லீவுக்கு சார்."

அந்த லீவுக்கு வரவில்லை. அதற்கடுத்த லீவுக்கும்.