ஊமெயோவில் வெளிச்சத்துக்குப் பழகுவது

வடக்கு ஸ்வீடனில் இருக்கும் ஊமெயோவுக்கு வேலைக்குப் போகிறேன் என்றதும் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் எச்சரித்தார்கள். குளிருக்கு வழி இருக்கிறது. கம்பளி உள்ளாடை, நல்ல பூட்ஸ், பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்க அதன் அடியில் மாட்டும் முள்பட்டை எல்லாம் கடையிலேயே கிடைக்கும். எனக்குப் பழக நாளானது வெளிச்சத்துக்குத்தான்.

டிசம்பரில் மதியம் 2 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஜூனில் நள்ளிரவிலும் விளக்கில்லாமல் வாசலில் உட்கார்ந்து படிக்கலாம். “இன்னும் இருட்டவே இல்லையே, ஏன் தூங்கணும்?” என்று மகள் கேட்பாள், ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் திரை போட்ட பிறகுதான் தூங்கினாள். பொங்கல் அன்று சூரியன் வர ஒன்பது மணியாகிவிடும். அதுவரை பானையை அடுப்பில் ஏற்றாமல் காத்திருப்போம். 2012இல் இந்த ஊர் மின் நிறுவனம் பேருந்து நிறுத்தங்களில் விளம்பரங்களை எடுத்துவிட்டு, வெளிச்ச சிகிச்சை விளக்குகளைப் பொருத்தியிருக்கிறது. அந்த அளவுக்கு இங்கே வெளிச்சம் ஒரு தேவை.

என் ஆராய்ச்சியும் வெளிச்சத்தைப் பற்றியதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் நெல்லில் தொடங்கினேன். பழைய சம்பா ரகங்கள் பகல் குறுகும்போதுதான் கதிருக்குத் தயாராகும். நாற்று கொஞ்சம் முன்னே பின்னே விட்டாலும் பூக்கும் காலம் அவ்வளவாக நகராது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். அதையே ஒரு பயிர் கணக்கு வைக்கிறது என்பதுதான் என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது. ஊமெயோவில் பகல் நாலரை மணி நேரத்துக்கும் இருபது மணி நேரத்துக்கு மேலும் மாறுகிறது. இதைப் படிக்க இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது.

இங்கே என் செடி ஆஸ்பென் மரம். அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் பூக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் சிஓ, எஃப்டி என்ற இரண்டு மரபணுக்களின் உறவுகள்தான், இந்த மரம் இலையுதிர்காலத்தில் எப்போது வளர்ச்சியை நிறுத்த வேண்டும் என்பதையும் தீர்மானிக்கின்றன. ஊவே நில்சன் குழு 2006இல் இந்த ஊரில் கண்டுபிடித்தது இது. நெல்லைக் கதிர் விடச் சொல்லும் மரபணுவும் அதே எஃப்டி குடும்பம். ஊர் மாறி, பயிர் மாறி வந்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

வளர்ப்பறையில் வெப்பநிலையைத் தொடாமல் பகல் நீளத்தை மட்டும் குறைப்போம். சில வாரங்களில் நுனியில் புது இலை விரிவது நின்றுபோகும். செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மூடும். பச்சையாக இருந்த மொட்டு செம்பழுப்பாகி இறுகும். அப்புறம் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் பயனில்லை. செல்களுக்கு நடுவே இருக்கும் நுண்வழிகள் அடைபட்டு, வளரச் சொல்லும் செய்தி உள்ளே போகாது. அதைச் செய்வது அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் என்று ரிஷிகேஷ் பாலேராவ் குழு 2018இல் காட்டியது. பல வாரக் குளிர் பட்ட பிறகுதான் அந்த வழி திறக்கும்.

எந்தப் பகல் நீளத்தில் வளர்ச்சியை நிறுத்துவது என்பது ஒவ்வொரு ஊர் மரத்துக்கும் வேறு. தெற்கிலிருந்து கொண்டுவந்து இங்கே நட்டால் பகல் இன்னும் நீளம் என்று வளர்ந்துகொண்டே போய் உறைபனியில் நுனி கருகும். வடக்கு மரத்தைத் தெற்கே நட்டால் சீக்கிரமே நின்றுவிடும். பூமி சூடாகிறதே, மரங்கள் நீண்ட காலம் வளருமே என்று சிலர் சொல்வார்கள். அது அவ்வளவு எளிதில்லை. செப்டம்பர் எவ்வளவு வெதுவெதுப்பானாலும் அதன் பகல் நீளம் கூடாது. மரம் பார்ப்பது அதைத்தான். நாளைய காட்டுக்கு எந்த ஊர் விதையை எடுப்பது என்ற கேள்விக்கு இந்த வேலை உதவும் என்று நம்புகிறேன்.

இங்கே வரப்போகும் மாணவர்கள் எழுதிக் கேட்டால் ஒன்று சொல்வேன்: முடிந்தால் ஆகஸ்ட்டில் வந்து சேருங்கள். இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக வரும், உடம்புக்குப் பழக நேரம் கிடைக்கும். ஜனவரியில் வந்து இறங்குவது ரொம்பக் கஷ்டம். நவம்பருக்குள் நல்ல மேசை விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மதிய இடைவேளையில் கட்டாயம் வெளியே போய் நடங்கள்.